விக்டோரியா காலப் புத்தகப் படங்களைக் கொண்டு டிசைன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"விக்டோரியன் ஸ்டைலில் ஒரு லேபிள் வேண்டும்" என்று கேட்டால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பழுப்புக் காகிதத்தைப் பின்னணியாகப் போடுவார்கள், நான்கு மூலையிலும் கொடிச் சுருள் வைப்பார்கள், நடுவில் இணையத்தில் கிடைத்த ஒரு பழைய படம். அச்சாகி வந்ததும் பார்த்தால் படம் கரி அப்பியது மாதிரி இருக்கும். நானும் இப்படித்தான் தொடங்கினேன்.

விக்டோரியா ராணி காலத்து (1837–1901) இங்கிலாந்துப் படங்கள் தனிச் சாயலோடு தெரிவதற்குக் காரணம் அவற்றை அச்சிட்ட முறை. பெரும்பாலும் கறுப்பு மை ஒன்றுதான். சாம்பல் நிறம் கிடையாது. முயலின் ரோமமும் மேலங்கியின் துணியும் இருட்டும் எல்லாம் கோட்டிலேயே வந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை நாமும் ஏற்றுக்கொண்டு வரைந்தால் சுருளும் பழுப்பும் இல்லாமலே அந்தச் சாயல் வந்துவிடும். கீழே உள்ள வரிசை அதற்குத்தான். உதாரணத்துக்கு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம்: தேன் பாட்டிலுக்கு ஒரு லேபிள், 7 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், ஒரே மை.

தொடங்கும் முன் வேண்டியவை

பென்சில், டிரேசிங் பேப்பர், வழவழப்பான வெள்ளை அட்டை, 0.1, 0.3, 0.5 அளவில் மூன்று மைக்ரோ பேனா, அளவுகோல், ஒரு நல்ல லென்ஸ். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் வேண்டாம். அதில் கோட்டின் ஓரம் பிசிறும், ஸ்கேன் செய்தால் அந்தப் பிசிறும் கோடாகிவிடும்.

கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், அது இலவசம். ஸ்கேனர் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: படம் கடைசியில் எத்தனை செ.மீ. அளவில் அச்சாகப்போகிறது என்ற கணக்கு. இது தெரியாமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். நம் லேபிளில் பெயருக்கும் எடைக்கும் முகவரிக்கும் இடம் விட்டால் படத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 3 செ.மீ. உயரம். அந்த 3 செ.மீ.யை ஒரு தாளில் பெட்டியாகப் போட்டு மேசை முன் ஒட்டிவையுங்கள். இதை ஒட்டாதவர்கள்தான் ஆறாவது படியில் வந்து அழுவார்கள்.

1. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாற்பது படம் சேர்த்து வைத்தால் எதையுமே ஊன்றிப் பார்க்க மாட்டீர்கள். ஒன்று போதும்.

கிடைக்குமிடம் பல. பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் பொதுவில் விட்டது. செடி, பூச்சி, பறவை வேண்டுமென்றால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகம். முழுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க இன்டர்நெட் ஆர்க்கைவ்.

பிரிட்டிஷ் நூலகத் தொகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் படங்கள் பக்கத்திலிருந்து கணினி தானாக வெட்டியெடுத்தவை. பக்கத்தில் எந்த இடத்தில், எழுத்துக்கு எந்தப் புறம், எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது படத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. பிடித்த படம் கிடைத்தால் அதன் புத்தகத்தைத் தேடிப் பிடித்து முழுப் பக்கத்தையும் பாருங்கள். அளவு தெரியாமல் கோட்டின் பருமனைக் கணிக்க முடியாது.

ஸ்கேனை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பிலிருந்து எடுத்தது. விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

பயிற்சிக்கு நான் எப்போதும் கொடுப்பது ஓவியர் ஜான் டென்னியல் 1865இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் சிறுவர் கதைக்கு வரைந்த வெள்ளை முயல். கட்டம் போட்ட மேலங்கி, கக்கத்தில் குடை, கையில் கடிகாரம். ஒரே படத்தில் ரோமம், துணி, உலோகம், புல் நான்கும் இருக்கின்றன. நான்கையும் அவர் நான்கு விதமாகக் கையாண்டிருக்கிறார்.

2. அது எந்த முறையில் அச்சானது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரே டிசைனில் கீழே சொல்லும் மூன்று முறைகளையும் கலந்துவிட்டு "ஏதோ ஒட்டவில்லையே" என்பார்கள். ஒட்டாது.

மரச்செதுக்கு: பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த முகத்தில் கூரிய உளியால் செதுக்குவது. செதுக்கிய இடம் வெள்ளை, மிஞ்சிய மேடு கறுப்பு. இந்தக் கட்டை ஈய எழுத்தின் உயரத்துக்கே இருந்ததால் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சிட முடிந்தது. பக்கத்தில் எழுத்தோடு சேர்ந்து படம் வந்தால் பெரும்பாலும் இதுதான். டென்னியலின் படங்களைச் செதுக்கியவர்கள் டால்சியல் சகோதரர்கள். படத்தின் ஓரத்தில் டென்னியலின் முத்திரை எழுத்தோடு அவர்கள் பெயரும் இருக்கும். பழைய படங்களில் பெயருக்குப் பின்னால் 'டெல்' என்று சுருக்கி எழுதியிருந்தால் வரைந்தவர், 'எஸ்சி' என்றிருந்தால் செதுக்கியவர்.

எஃகுத் தகட்டில் அமிலத்தால் அரித்த படம்: சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களுக்கு ஃபிஸ் என்ற ஓவியர் வரைந்தவை பெரும்பாலும் இந்த வகை. தனித் தாளில் அச்சிட்டுப் புத்தகத்தில் சேர்ப்பார்கள். கோடு முடி மாதிரி மெல்லியது, நினைத்த பக்கம் ஓடும்.

லைன் பிளாக்: பேனாவில் வரைந்ததை போட்டோ எடுத்து உலோகக் கட்டையாக்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லியின் பெரிய பெரிய கறுப்புப் பரப்புகளும் இழை மாதிரிக் கோடுகளும் இதனால்தான் முடிந்தன.

நம் லேபிளுக்கு எது? சிறிய அளவு, மலிவான அச்சு, ஒரே மை. மரச்செதுக்கு அல்லது பியர்ட்ஸ்லி வழி. எஃகுத் தகட்டுக் கோடு 3 செ.மீ.யில் பிழைக்காது.

3. உரிமையைச் சரிபாருங்கள்

படத்தைப் பார்த்துப் பழகுவதற்கு யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு பகுதியையாவது அப்படியே எடுத்து வைக்கலாமா என்ற ஆசை நடுவில் வரும், அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள். உரிமை இந்தியாவில் படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை, பிரிட்டனில் 70. அந்தக் காலப் புத்தக ஓவியர்கள் இறந்த ஆண்டுகள்: கால்டெகாட் 1886, பியர்ட்ஸ்லி 1898, கேட் கிரீனவே 1901, டென்னியல் 1914, வால்டர் கிரேன் 1915. எல்லாரும் எல்லையைத் தாண்டியாயிற்று.

பழைய இங்கிலீஷ் படம் என்று தேடினால் ஈ. எச். ஷெப்பர்ட் வரைந்த 'வின்னி த பூ' கரடிக்குட்டியும் கூடவே வரும். அவர் விக்டோரியா காலத்துக்காரர் இல்லை, 1976 வரை இருந்தவர். பிரிட்டனில் 2046 முடியும் வரை அவர் படத்துக்கு உரிமை உண்டு.

4. ஒரு சதுரத்தை மட்டும் கையால் நகல் எடுங்கள்

படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, அதில் 5 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முயலின் தோள் இருக்கும் இடம் நல்லது. ரோமம் முடிந்து துணி தொடங்கும் எல்லை அங்கே இருக்கிறது. அந்தச் சதுரத்தை மட்டும் கோட்டுக்குக் கோடு நகல் எடுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். முழுப் படத்தையும் எடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் பாதியில் சலித்துவிடும்.

டிரேசிங் பேப்பர் வைத்து எடுக்க வேண்டாம். டிரேஸ் செய்யும்போது கை ஓடும், மூளை தூங்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்து வரையுங்கள். டிரேசிங் பேப்பர் பின்னால் வேறு வேலைக்கு.

நகல் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது கோடு எங்கே நிற்கிறது என்பது. வெளிச்சம் படும் இடத்துக்கு வந்ததும் கோடு மெலிந்து, அறுந்து, காணாமல் போகும். அந்த இடத்தில் வெளிக்கோடுகூட இருக்காது. புதியவர்கள் உருவத்தைச் சுற்றி ஒரே பருமனில் கம்பி கட்டுவதுபோல் வெளிக்கோடு போட்டுவிட்டு, அப்புறம் உள்ளே கோட்டால் நிரப்புவார்கள். கலரிங் புத்தகம் மாதிரி ஆவது அங்கேதான்.

அடுத்தது, குறுக்குக்கோட்டு நிழல். பேனாவில் வலை போடுவது சுலபம். மரக்கட்டையிலோ அந்த வலையின் ஒவ்வொரு கண்ணையும், ஒவ்வொரு குட்டிச் சாய்சதுர வெள்ளையையும், உளியால் தனித்தனியே குத்தி எடுக்க வேண்டும். டென்னியல் ஓவியர், வலையை வரைந்துவிட்டுப் போய்விடுவார். செதுக்கினவர் பாடு திண்டாட்டம். அந்த உழைப்பை மனத்தில் வைத்தே கோடு போடுங்கள். வலை வேண்டிய இடம் மிகக் குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

செய்தித்தாள் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற இதழ்களின் பெரிய படங்கள் பல சிறு கட்டைகளைச் சேர்த்து முடுக்கியவை. பாக்ஸ்வுட் மரம் அகலமாக வளராது. கட்டைகள் சேரும் இடத்தில் நேராக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு படத்தைக் கடந்து போகும். என்னிடம் வந்த ஒரு தம்பி அதை "ஒளிக்கீற்று" என்று நினைத்துப் பக்தியோடு நகல் எடுத்திருந்தான்.

அதே இதழ்களில் 1877 வாக்கில் சென்னை மாகாணப் பஞ்சத்தின் படங்களும் வந்தன. கோட்டு வேலையைக் கற்றுக்கொள்ளலாம். எலும்பும் தோலுமான மனிதர்களை வெட்டி ஒரு மெனு அட்டையில் அலங்காரமாக வைக்காதீர்கள். அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

5. கண்டதை விதிகளாக எழுதுங்கள்

சதுரம் முடிந்த கையோடு, மறப்பதற்குள், நான்கைந்து வரி எழுதுங்கள். 'அழகான நிழல்' என்று எழுதினால் பயனில்லை. அளவாக எழுதுங்கள். நான் எழுதிவைத்தது இப்படி இருந்தது: துணிக்கு இரண்டு திசைக் கோடு, ரோமத்துக்கு ஒரே திசையில் குட்டிக் கோடு. முழுக் கறுப்பு படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்புலம் பெரும்பாலும் வெறும் காகிதம். கோடு எப்போதும் உருவத்தின் வளைவைச் சுற்றியே ஓடுகிறது.

உங்கள் படத்துக்கு உங்கள் விதிகள் வேறாக இருக்கும். எழுதியதும் மூலப் படத்தை மூடி வையுங்கள். இனி அதைத் திறக்கக் கூடாது. திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் தேனீ வரைய உட்கார்ந்தவர் முயலைத்தான் வரைவார்.

6. புதிய படத்தைக் கறுப்பிலிருந்து தொடங்குங்கள்

லேபிளுக்குத் தேனீ ஒன்று பூவின்மேல் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல போட்டோ ஒன்றை, முடிந்தால் நீங்களே எடுத்ததை, பக்கத்தில் வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் போட்டோவாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தால் எங்கே கோட்டை நிறுத்துவது என்று தெரியாமல் போகும்.

முதல் வேலை, 3 செ.மீ. பெட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கச்சா வரைவு. வெறும் கறுப்பும் வெள்ளையும். கோட்டு நிழல் கிடையாது. தேனீயின் கண், வயிற்றின் பட்டைகள், பூவின் அடிநிழல் கறுப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. இந்த நிலையிலேயே அது தேனீ என்று தெரியவில்லையா? எத்தனை கோடு போட்டாலும் தெரியப்போவதில்லை. ஆறேழு வரைவு போட்டு ஒன்றை எடுங்கள்.

இப்போது அதை இரண்டு மடங்கு, அதாவது 6 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கிப் பென்சிலில் வரையுங்கள். இரண்டு மடங்குக்கு மேல் போகாதீர்கள். கணக்கு இதுதான்: 9 செ.மீ. படத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் போட்ட கோடுகள் 3 செ.மீ.க்குச் சுருங்கும்போது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறு கோடுகள் வந்துவிடும். சாதாரண லேபிள் அச்சில் மை பரவி அது கறுப்புப் பட்டையாகும். என் முதல் லேபிளில் தேனீ ஈ மாதிரி ஆனது இப்படித்தான். ஐந்நூறு லேபிள் வீண். அச்சகத்தைக் குறை சொல்லிச் சண்டை போட்டேன், தப்பு என் பேரில்.

பென்சில் வரைவைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது டிரேசிங் பேப்பரில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கோணல்கள் பளிச்சென்று தெரியும். மரத்தில் வரைந்தவர்கள் எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே வரைய வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தில் நமக்குக் கிடைக்கும் லாபம் இது.

7. கோடு போடும் வரிசை

முழுக் கறுப்பை 0.5 பேனாவால் முதலில் நிரப்புங்கள். அப்புறம் நடுநிழல், 0.3 பேனாவில், ஒரே திசையில். பிறகு சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே படம் முடிந்திருக்கும். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இரண்டாவது திசைக் கோடு.

வெளிக்கோடு கடைசியில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிழல் முடிந்த பிறகு எந்த ஓரம் ஏற்கெனவே தெரிகிறது, எது தெரியவில்லை என்பது விளங்கிவிடும். தெரியாத ஓரத்துக்கு மட்டும் கோடு போட்டால் போதும்.

0.1 பேனா இறக்கையின் நரம்புக்கு மட்டும். இரண்டு மடங்கில் வரைகிறோம், பாதியாகச் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு வேண்டுமானால் வெள்ளை ஜெல் பேனாவில் இழுக்கலாம். அந்த வெள்ளைக் கோட்டைக் கறுப்புக் கோட்டைப்போல் இரண்டு மடங்கு பருமனில் போடுங்கள். அச்சில் மை இரண்டு பக்கத்திலிருந்தும் அதை நெருக்கும்.

8. எழுத்தும் பார்டரும்

விக்டோரியா கால நோட்டீஸ்களில் ஒரே தாளில் ஏழெட்டு வகை எழுத்து இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் ஏழு ஃபான்ட் போடுவது வழக்கமான விபத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும், அதனால் தாங்கியது. தமிழில் மேலே விசிறி, புள்ளி, கீழே உகரச் சுழி என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நீளும். இரண்டு ஃபான்ட் போதும்.

பெயருக்குத் தடித்த, ஒரே பருமனுள்ள ஃபான்ட் எடுங்கள். எழுத்துக் கோட்டின் பருமன் படத்தின் முழுக் கறுப்புக்கு ஈடாக இருக்க வேண்டும். மெல்லிய ஃபான்ட் கோட்டு நிழலுக்குப் பக்கத்தில் நின்றால் இன்னொரு நிழலாகக் கரைந்துவிடும். ஆங்கில எழுத்தின் கால்நுனிக் கொக்கிகளைத் தமிழ் எழுத்துக்கு ஒட்டுவதை எனக்குப் பிடிக்காது. யாராவது நன்றாகச் செய்து காட்டினால் மாற்றிக்கொள்கிறேன்.

ரிப்பன் வளைவில் பெயர் எழுதுவதென்றால் வளைவு மிகக் குறைவாக இருக்கட்டும். அதிகம் வளைத்தால் கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். எழுத்தை உருவமாக மாற்றி, கையால் நெருக்கிவிடுங்கள்.

படத்தைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். ஆலிஸ் கதையில் மரக்கிளையில் இருக்கும் செஷயர் பூனைப் படம் 'ட' வடிவத்தைத் தலைகீழாக்கியதுபோல் வளைந்து நிற்கும். மிச்ச இடத்தில் எழுத்து உட்கார்ந்திருக்கும். படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் அச்சானதன் வசதி அது. நம் லேபிளிலும் பூவின் காம்பு கீழே இறங்கி, தேனின் பெயரை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு போகலாம். அப்படிச் செய்தால் தனியாக பார்டரே தேவைப்படாது. தேவைப்பட்டால் தடித்த கோடு ஒன்று, உள்ளே மெல்லிய கோடு ஒன்று.

9. நிறம் வேண்டுமென்றால்

ஒரு மையிலேயே நின்றுவிடுவது நல்லது. வாடிக்கையாளர் விடவில்லை என்றால் எட்மண்ட் எவன்ஸ் வழியைப் பிடியுங்கள். கிரீனவே, கிரேன், கால்டெகாட் மூவருக்கும் வண்ணப் படங்களை மரக்கட்டையில் அச்சிட்டவர் அவர். கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று விழும்போது மூன்றாவது நிறம் இலவசமாகக் கிடைக்கும்.

கணினியில் இதற்கு ஒவ்வொரு நிறத்தையும் தனி லேயரில் தட்டையாகப் போட்டு, மேல் நிறமும் கீழ் நிறமும் கலந்து தெரியும் 'மல்டிபிளை' அமைப்பில் வையுங்கள். ஒரு நிறம் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் கூடாது. கால்டெகாட் செய்ததுபோல் கோட்டையே கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பில் வைத்துப் பாருங்கள், தேனுக்கு அது பொருந்தும்.

பின்னணிப் பழுப்பு மட்டும் வேண்டாம். அந்தப் புத்தகங்கள் அச்சானபோது தாள் வெளுப்பாகத்தான் இருந்தது; நூற்றைம்பது வருஷத்தில் பழுத்தது. புதுத் தேனுக்குப் பழைய கறை எதற்கு?

10. ஸ்கேன், ஃபைல், சோதனை அச்சு

1200 டிபிஐயில் கிரேஸ்கேலாக, அதாவது சாம்பல் நிறங்களும் பதியும்படி, ஸ்கேன் செய்யுங்கள். நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எந்தச் சாம்பல் கறுப்பாக வேண்டும் என்பதை ஸ்கேனர் தீர்மானிக்கும். கிரேஸ்கேலில் எடுத்துவிட்டு, எந்தச் சாம்பல் கறுப்பாகும் என்ற எல்லையை (த்ரெஷோல்ட்) நீங்களே நகர்த்துங்கள். மெல்லிய கோடு அறுபடாமலும், நெருக்கமான கோடு ஒட்டாமலும் ஓர் இடம் இருக்கும். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் வரைவில் கோடு நெருக்கம். ஏழாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாத வெக்டார் கோடாக மாற்ற இங்க்ஸ்கேப்பில் 'டிரேஸ் பிட்மேப்' இருக்கிறது. தூசியையும் புள்ளியாக்கிவிடும் என்பதால் முதலில் ஸ்கேனைச் சுத்தம் செய்யுங்கள். மாற்றிய பிறகு கோட்டு நுனிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூராக முடிந்தவை உருண்டையாகியிருந்தால் வழவழப்பாக்கும் அமைப்பைக் குறைக்க வேண்டும். அந்தக் கூர்நுனி போனால் உளி போட்ட சாயலும் போய்விடும்.

இறுதி அளவில் எந்தக் கறுப்புக் கோடும் அச்சகம் தாங்குவதைவிட மெல்லியதாக இருக்க வேண்டாம். உங்கள் அச்சகத்தில் என்ன தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு, கறுப்பு மை மட்டுமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு மை கலந்த கறுப்பு என்றால், தாள் துளி நகர்ந்தாலும் கோட்டோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும்.

கடைசியாக, லேசர் பிரிண்டரில் 100 சதவீத அளவில் ஒன்று எடுத்து, வெட்டி, தேன் நிரம்பிய பாட்டிலில் ஒட்டுங்கள். காலி பாட்டிலில் ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தேன் உள்ளே இருக்கும்போது லேபிளைச் சுற்றி அடர்ந்த நிறம் வந்து நிற்கும். ஓரத்தில் போட்ட மெல்லிய கோடுகள் சில காணாமல் போகும். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தை வெள்ளையாக விடுங்கள். பிறகு ஃபைலை அச்சுக்கு அனுப்பலாம்.